எந்த நாட்டுக் கரி?

கூட்டத்தில் எழுந்து நின்று நான் பேசியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையிலேயே ஜெயித்தும் விட்டேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல் வந்த பெருமை. அதை ஒளித்து வைத்து என்ன செய்யப் போகிறேன்?

மலேசியாவில், கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகிற வழியில், எங்களுக்கு ஒரு கரிக்கடை இருக்கிறது. அடுப்புக்கரி. குச்சியில் இறைச்சி கோத்துச் சாத்தே சுடுகிறவர்கள், மீன் சுடுகிறவர்கள், கோழி வாட்டுகிறவர்கள் எல்லாரும் வாங்குவார்கள். கேஸ் வந்த பிறகு கரிக்கு என்ன வேலை என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். கேஸில் வாட்டிய கோழியைத் தின்றுவிட்டு அவர்களே சொல்லட்டும்.

கடையை ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். பேசுவதெல்லாம் அவர்தான். நான் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆள் வந்தால் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன். யாராவது என்னிடம் விலை கேட்டால் விரலால் அவரைக் காட்டுவேன். "என் பொண்டாட்டிக்கு வாய் இருக்கு, அதைக் கரியோட சேத்து மூட்டை கட்டி வச்சிருக்கா" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். சத்தம் மட்டும் வராது.

கடை தொடங்கிய புதிதில் ஒரு தப்பு செய்தோம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற தப்புதான். சாக்கில் எந்த நாட்டுப் பெயர் அச்சடித்திருக்கிறதோ, உள்ளே இருப்பதும் அந்த நாட்டுக் கரி என்று நம்பினோம். தாய்லாந்து எழுத்துப் போட்ட சாக்கை நல்ல கரி என்று சொல்லி மீன் கடைக்கு விற்றோம். அது வெடித்துப் பொறி பறந்து, சாப்பிட உட்கார்ந்திருந்த ஒருவரின் வெள்ளைச் சட்டையில் ஓட்டை போட்டுவிட்டது. மீன் கடைக்காரி சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்புறம்தான் லோரி டிரைவரைக் கேட்டோம். "சாக்கு எத்தனையோ தடவ சுத்தி வரும்மா. அரிசி வந்த சாக்குலயும் கரி வரும். சாக்கைப் பாத்தா வாங்குவாங்க?" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்த லோரி வந்தாலும் முதல் மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்துக் கடைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அடுப்பில் மூட்டுவேன். மேலே கெட்டிலை வைப்பேன். தண்ணீர் கொதித்ததும் இறக்கிவிட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் வைப்பேன். நெருப்பு அணைவதற்குள் எத்தனை கெட்டில் கொதிக்கிறது என்று எண்ணுவேன். பேராக் மாநிலத்துக் கடலோரச் சதுப்புக் காட்டில் பாக்காவ் மரத்தை எரித்துச் செய்கிற கரி என்றால் ஆறு. தேங்காய்ச் சிரட்டைக் கரி ஐந்து. ரப்பர் மரக் கரி நான்கு. மழையில் நனைந்தது மூன்றாவது கெட்டிலிலேயே முனக ஆரம்பிக்கும்.

எண்ணியதை எழுதி வைக்கவும் செய்தேன். அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் டிரைவர் சொன்ன நாடு, கெட்டில், சாம்பலின் நிறம், எத்தனை மூட்டை வந்தது என்று நாலு வரி எழுதிக் கம்பியில் குத்திவிடுவேன். தாளின் முன்பக்கத்தில் தேதி, கிழமை, அமாவாசை, முஸ்லிம்களின் நோன்பு மாதம் எல்லாம் நாள்காட்டிக்காரர்களே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு வேலை மிச்சம். யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியாது. பேசாதவளுக்கு எங்காவது எழுதியாவது வைக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

தாள்கள் சேரச் சேர ஒன்று புரிந்தது. ஆரம்பத்தில் வந்ததெல்லாம் பேராக் கரி. பிறகு அதில் நல்ல உருப்படிகளை ஜப்பானுக்குக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். நம் நாட்டில் செய்கிற கரி வெளியே போனது, நாம் எரிப்பதற்கு வெளியிலிருந்து வந்தது. இந்தோனேசியாவின் சுமத்ராவிலிருந்து கப்பலில் வந்தது. தாய்லாந்திலிருந்து எல்லை தாண்டி லோரியில் வந்தது. கொஞ்ச காலம் தாய்லாந்து லோரியில் பர்மாக் கரி வந்ததாக டிரைவர்கள் சொன்னார்கள். அப்புறம் இந்தோனேசியாவில் சிரட்டைக் கரியைக் கட்டி கட்டியாக அழுத்தி அனுப்பினார்கள். அதை அரபு நாட்டுக்காரர்கள் ஹுக்காவுக்கு வாங்க ஆரம்பித்ததும் எங்கள் பக்கம் வருவது குறைந்தது. நான் இந்த நாட்டைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனாலும் எந்த நாட்டில் காட்டை வெட்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள், எந்த நாட்டில் மழை பிந்திப் பெய்தது என்று என் கெட்டில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு கடையை மருமகள் எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரி. போனிலேயே வியாபாரம் பேசுவாள். அவள் முன்னால், நான் பின்னால். எங்களுக்கு நிரந்தர வாடிக்கை ஒரு சங்கம். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், அப்புறம் கம்போங் மேடான், கிள்ளான் பக்கத்தில் நெருப்பில் வாட்டி விற்கிற நம்மவர்கள் சேர்ந்து வைத்த சங்கம். அதில் பாதிப் பேருக்கு மேல் எங்களிடம்தான் கரி எடுத்தார்கள்.

போன வருடம் அந்தச் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. இனிமேல் தனித்தனியாக வாங்காமல், எல்லாருக்கும் ஒரே இடத்தில் வருஷ ஒப்பந்தம். கொடுக்க விரும்புகிறவர்கள் பிரிக்பீல்ட்ஸில் நடக்கிற கூட்டத்துக்கு வந்து பேசலாம். எங்களைத் தவிர ஒரு பெரிய கம்பெனியும் வருகிறதாம்.

மருமகள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

"அத்தை, இது போச்சுன்னா கடையை மூடிட வேண்டியதுதான். பக்கத்துல போன் கடை வச்சிருக்கவன் ரெண்டு தடவ கேட்டுட்டான், இந்தக் கடை லோட்டை வாடகைக்கு விட்டுக் குடுக்குறீங்களான்னு. அவன்கிட்ட சரின்னு சொல்லிடணும்."

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தால்தானே. ஆனால் கூட்டத்துக்குப் போகிற அன்று காலை, பழைய தாள்கள் குத்தியிருந்த கம்பிகளில் கைக்கு எட்டியதை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டேன். "இது எதுக்கு அத்தை, குப்பையாட்டம்?" என்றாள் மருமகள். கையில் ஏதாவது இருந்தால் எனக்குத் தைரியம் என்றேன். அது உண்மைதான்.

கொமுட்டர் ரயிலில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சங்கத் தலைவர் கம்போங் மேடானில் கோழி வாட்டுகிறவர். நல்ல பருத்த உடம்பு, அதற்கேற்ற குரல். மைக்கே தேவையில்லை.

முதலில் மருமகள் பேசினாள். நம் கடை எத்தனை வருஷமாக இருக்கிறது, கரி எவ்வளவு நேரம் நிற்கும், லோரி எப்போது வரும் என்று அழகாகத்தான் சொன்னாள். கை தட்டினார்கள். அடுத்து கம்பெனிக்காரர் எழுந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. விளக்கை அணைக்கச் சொன்னார். சுவரில் வெள்ளைத் திரை. அதில் கோடு கோடாக ஒரு படம் வந்தது. பச்சை, சிவப்பு, நீலம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோடு. எந்த நாடு வருஷத்துக்கு எவ்வளவு கரி உற்பத்தி செய்கிறது என்பதை எல்லா நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற படமாம்.

"பாருங்க, இந்தோனேசியா கோடு மேல போகுது, கீழ வருது. தாய்லாந்தும் அப்படித்தான். நம்ம மலேசியா இங்க அடியில படுத்திருக்கு." பிறகு ஒரு சிவப்புக் கோட்டைத் தொட்டார். மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. "வருஷா வருஷம் கூடுது. ஒரு தடவைகூட இறங்கல. அங்கேருந்து நேரா கண்டெய்னர் இறக்குறோம். உங்களுக்கு எந்தக் காலத்துலயும் சப்ளை நிக்காது."

கூட்டம் அப்படியே அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து வந்திருந்த மீன் கடைக்காரி மட்டும், அன்றைக்கு ஓட்டை விழுந்த சட்டைக்காக என்னோடு சண்டைக்கு வந்தவளேதான், "ஏன் பாஸ், அந்தக் கோட்டைப் பத்த வச்சா மீனு வேகுமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கம்பெனிக்காரரும் சிரித்தார். ஆனாலும் பார்வை எல்லாம் சிவப்புக் கோட்டிலேயே நின்றது.

தலைவர் மருமகளைப் பார்த்து, "என்னாம்மா, இதுக்கு நீ என்னா சொல்றே?" என்றார். "நாங்க சின்னக் கடை ஐயா, இந்தப் படமெல்லாம் எங்ககிட்ட இல்ல" என்றாள். அவள் குரல் உடைந்தது எனக்குக் கடைசி வரிசையில் கேட்டது.

என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன். உடனே உட்கார்ந்துவிட்டேன். தலைவர் பார்த்துவிட்டார்.

"பின்னால யாரு, எழுந்தீங்களே? பேசுங்க லா அக்கா."

"ஐயோ, அது கரிக்கடை அக்காவா! தூண்தான் ஆடுதுன்னு நெனச்சேன்" என்றாள் மீன் கடைக்காரி.

சிரிப்பு அடங்குவதற்குள் பேசிவிட வேண்டும், அமைதியாகிவிட்டால் என்னால் முடியாது என்று தோன்றியது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே கேட்டேன்.

"சார், அந்த நாட்டுல சோறு எதுல ஆக்குறாங்க?"

கம்பெனிக்காரர் குனிந்து, "என்னங்கம்மா?" என்றார்.

"அந்தச் சிவப்புக் கோட்டு நாட்டுல. வீட்டுல அடுப்பு எரிக்க என்ன வச்சிருக்காங்க? கேஸா?"

"இல்லம்மா. அங்க பெரும்பாலும் கரிதான். டவுன்ல எல்லாம் கரி அடுப்புதான்."

"டவுன் பெருசாகிட்டே போகுதா?"

"ஆமா, ஜனம் கூடிக்கிட்டேதான் இருக்கு."

"அப்போ அது அவங்க அடுப்புக்குப் போற கரி சார். நமக்கு வர்ற கரி இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் என் வாய் நிற்கவில்லை. ஒரு நாடு கரி செய்வது வேறு, தானே எரிப்பது வேறு, மிச்சத்தை விற்பது வேறு என்று சொன்னேன். நம் பேராக்கையே பாருங்கள், படத்தில் அடியில் படுத்திருக்கிற நாம்தான் ஜப்பானுக்கு அனுப்புகிறோம் என்றேன். எங்கிருந்து அவ்வளவு வார்த்தை வந்ததோ.

தலைவர் தாடையைத் தடவினார். "அதை எப்படிக்கா சொல்றீங்க? யாராச்சும் சொன்னாங்களா?"

பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தேன். மருமகள் ஓடி வந்து வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். "சுமத்ரா கரியை மட்டும் பாரும்மா. மூட்டை எப்போ கொறைஞ்சிருக்குன்னு படி" என்றேன். அவள் ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். ஒரு வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் குறைந்திருந்தது. இன்னொரு வருடம் தேசிய தினத்துக்குப் பக்கத்தில். இன்னொரு வருடம் பள்ளி லீவு மாதத்தில்.

"ஒழுங்கே இல்லையே அக்கா" என்றார் தலைவர்.

"தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பாருங்க ஐயா. நோன்பு எப்போன்னு போட்டிருக்கும்."

மருமகள் திருப்பினாள். அடுத்ததைத் திருப்பினாள். அவள் முகம் மாறியதை அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தேன். நோன்பு மாதம் வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். கரி குறைவதும் அதோடு கூடவே நகர்ந்திருந்தது. மழை காரணமென்றால் வருஷா வருஷம் ஒரே மாதத்தில்தான் குறைந்திருக்கும். சுமத்ராக்காரர்கள் அந்த மாதத்தில் கரி செய்வதை நிறுத்துவதில்லை. நோன்பு திறக்கவும் பெருநாளுக்கும் அவர்கள் ஊரிலேயே வாட்டுகிறார்கள், நமக்கு அனுப்ப மிச்சமில்லை. அவர்கள் எரிக்கும்போது நமக்குக் குறைகிறது.

"அட, ஆமா லா! எனக்கு நோன்பு மாசத்துலதான் கரி கிடைக்காம அடிச்சிக்குவேன்!" என்று யாரோ ஒரு சாத்தேக்காரர் கத்தினார். "எனக்கும்! எனக்கும்!" என்று இரண்டு மூன்று பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கம்பெனிக்காரர் இதற்குள் தன் கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்ல வேண்டும். மறைக்கவில்லை. "ஏற்றுமதி வேற பக்கத்துல இருக்கு. நான் அதைப் பாக்கல" என்று சொல்லிவிட்டு, அதையும் திரையில் போட்டார். மாடிப்படி போல ஏறிய சிவப்புக் கோடு தரையோடு தரையாகப் போய்விட்டது. எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. பிரேசில் என்று ஒரு நாடு முதல் படத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றிருந்தது. அதுவும் இதில் கீழே கிடந்தது. "அங்க இரும்பு உருக்க எரிச்சிடுறாங்க" என்று அவரே விளக்கினார். முதல் படத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த இந்தோனேசியாக் கோடு இதில் உச்சிக்குப் போயிருந்தது.

"அம்மா சொல்றது சரிதான்" என்றார்.

மண்டபம் கலகலவென்று ஆனது. ஆளுக்கு ஆள் பேசினார்கள். தலைவர் மேஜையைத் தட்டி அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ நாங்க எந்த நாட்டுக் கரி வாங்கணும்? நீங்களே சொல்லுங்க."

எந்த நாட்டையும் நம்பி ஒரு வருஷம் உட்காரக் கூடாது என்றேன். சுமத்ரா கரி நன்றாக வருகிற மாதங்களில் அதை எடுக்க வேண்டும். நோன்புக்கு இரண்டு மாதம் முன்னாலேயே தாய்லாந்து லோரிக்குச் சொல்லிவைக்க வேண்டும். பேராக்கில் ஜப்பானுக்கு ஆகாது என்று ஒதுக்குகிற சின்னத் துண்டுகளைச் சாத்தேக்காரர்களுக்கு வாங்க வேண்டும். சாத்தேக்கு நீளக் கரி எதற்கு? கையில் உடைத்துத்தானே போடுகிறார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு என் வாயிலிருந்து இன்னொன்றும் வந்தது. மருமகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

"எங்க லோட்டுல ரெண்டு மாசக் கரி அடுக்க எடம் பத்தாது. கரி நனையாம வைக்க சங்கம்தான் எடம் குடுக்கணும். இல்லன்னா நாங்க ஒப்பந்தம் எடுக்க மாட்டோம்."

"பாத்தியா! வாயே இல்லாத அக்கா கண்டிஷன் போடுது!" என்று மீன் கடைக்காரி தொடையில் தட்டிக்கொண்டாள். "நான் இந்தக் கடைக்கு இருவத்தஞ்சு வருசமா வரேன். இது பேசி இன்னைக்குத்தான் கேக்குறேன். நான் அக்கா பக்கம், எழுதிக்குங்க!"

கை தூக்கச் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மருமகள் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அத்தை, நிமிருங்க. எல்லாக் கையும் மேலதான் இருக்கு." நிமிர்ந்தேன். மஞ்சள் கறை படிந்த கை, சூடு பட்டுத் தழும்பேறிய கை, வளையல் போட்ட கை, எல்லாம் மேலே இருந்தன. கம்பெனிக்காரருக்கு அங்கே ஓட்டுக் கிடையாது. ஆனாலும் அவர் கை தட்டிக்கொண்டிருந்தார்.

சங்கம் மேரு பக்கத்தில் ஒரு பழைய ஷெட்டைப் பிடித்துக் கொடுத்தது. நான் சொன்னபடியே மருமகள் தாய்லாந்துக்கும் பேராக்குக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். தரையில் பலகை போட்டு, அதன் மேல் ஷெட்டின் கூரை வரைக்கும் அடுக்கினோம். போன் கடைக்காரரிடம் லோட்டு விடுவதாக இல்லை என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வரும்போது ஒரு புதுப் போனும் வாங்கி வந்தாள், பாவம் அவருக்கும் வியாபாரம் ஆகட்டும் என்று.

நோன்பு மாதம் வந்தது. என் தாள்கள் சொன்னது போலவே சுமத்ராவிலிருந்து வருவது மெலிந்தது. முதல் வாரத்திலேயே பல கரிக்கடைகள் கதவைப் பாதி சாத்தின. எங்கள் சங்கத்தில் கரியில்லாமல் ஒரு அடுப்புகூட அணையவில்லை. ஒரு நாள் மாலை நோன்புப் பாசார் என்கிற மாலைச் சந்தையில் மீன் கடைக்காரி போட்டிருந்த கடைக்கு நானே மருமகளோடு மூட்டை கொண்டுபோனேன். ஜனம் தோளோடு தோள் இடிக்கிற நேரம். அவளுடைய பாரி மீன், நம் திருக்கைதான், வாழையிலையில் சீறிக்கொண்டிருந்தது. எதிர்க் கடையில் கோழி வாட்டுகிற மலாய்க்காரர் அணையப் போகிற நெருப்பை அட்டையால் விசிறிக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் வரிசை வளைந்து கிடந்தது.

மீன் கடைக்காரி கரண்டியால் என்னைக் காட்டி அவரிடம் மலாயில் ஏதோ கத்தினாள். அவர் வேகமாக எங்கள் பக்கம் வந்தார். வழக்கமாக இந்த இடத்தில் நான் மருமகளின் முதுகுக்குப் பின்னால் போயிருப்பேன். அவள் ஒரு மூட்டையைத் தூக்கக் குனிந்திருந்ததால் அந்த முதுகும் இல்லை.

"ஆராங் அடா லாகி, ஆன்டி?" என்று கேட்டார். கரி இன்னும் இருக்கிறதா என்று.

"அடா!" என்றேன். அந்தப் பாசார் இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னும் உரக்கச் சொன்னேன். "அடா! பாஞாக் அடா! பெராப்பா கூனி?" நிறைய இருக்கிறது, எத்தனை மூட்டை வேண்டும் என்று.

பக்கத்துக் கடைகளிலிருந்து நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.